ஊதிப் பார்த்த கோடுகள்

டக். டக். டக். டொக்.

ஷார்ஜாவில் நான் ஒரு கட்டில் அளவுக்கு மட்டும் பெட் ஸ்பேஸ் எடுத்துத் தங்கியிருக்கும் கட்டடத்தில் போன வாரம் நடைவழிக்குப் புது டைல்ஸ் ஒட்டினார்கள். மறுநாள் காலை ஒரு நேபாளி மெல்லிய இரும்புக் கம்பியோடு வந்து ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டு போனார். அடியில் சிமெண்ட் நிறைந்திருந்தால் டக். காற்று தங்கியிருந்தால் டொக். டொக் கேட்ட இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். டூட்டிக்குக் கிளம்பிய நான் சாப்பாட்டு டப்பாவும் கையுமாக வாசலிலேயே நின்றுவிட்டேன். காய்ந்துவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்று அவர் இந்தியில் சொன்னார். நான் நடக்கவில்லை. தட்டிக் காது கொடுக்கிற ஆளைப் பார்த்தால் எனக்குக் கால் எழும்பாது.

தரைக்கு உள்ளே காற்று இருந்தால் குற்றம். மனிதனுக்கு உள்ளே காற்று இல்லாவிட்டால் குற்றம். நடுவில் கிடக்கிறது கல்.

நான் அச்சு வெட்டுகிறவன். வரைபடத்தில் இருக்கும் வளைவைத் தகரத்தில் வெட்டி, அந்தத் தகரத்தைக் கல்லின் மேல் வைத்து, அதன் ஓரமாகக் கோடு இழுத்துக் கொடுப்பேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் கட்டடம், அந்தப் பக்கம் குப்பை. அதற்கு மேல் உளி பிடிக்கிறவன் பாடு.

உளி பிடித்தவன் நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கம், மயிலாடிக்காரன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அதை ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. நான் சிவகங்கைப் பக்கம். எங்கள் வழக்கப்படி முதல் நாளே மாப்ள என்று கூப்பிட்டுவிட்டேன்.

"எனக்குக் கெட்டித் தர ஒனக்குத் தங்கச்சி இருக்காளா?" என்று கேட்டான்.

"இல்லய்யா."

"பொறவு என்னத்துக்கு மாப்ள? சவம், சும்மா ஆசை காட்டாத."

அதற்குப் பிறகும் அவன் எனக்கு மாப்ளதான். நான் அவனுக்கு மக்கா.

அப்போது எங்கள் கல் வெட்டும் யார்டு, லாரிகளும் நாய்களும் தவிர வேறு எதுவும் வராத ஒரு தெருவின் கடைசியில் இருந்தது. தங்கும் கேம்ப் துபாய் சோனாப்பூரில். காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் அதே பஸ், அதே ஜன்னல், அதே மணல். பாலைவனத்தின் விளிம்பில் ஒரு பெரிய குடும்பம் விருந்தினரை வரவேற்க ஒரு மஜ்லிஸ் கூடம் கட்டினோம். வெறும் வளைவுகள். கான்கிரீட் தூண் கிடையாது, கம்பி கிடையாது. கல்லைக் கல் தாங்க வேண்டும். இயந்திரம் அறுத்த அடையாளம் ஒரு கல்லிலும் தெரியக் கூடாது, உளி நடந்த தடம் தெரிய வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் ஊரிலிருந்து எட்டுப் பேரை இறக்கினார்கள். அந்த எட்டில் ஒருவன் அவன்.

மேற்பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வருவார். ஐரோப்பாவில் பழைய தேவாலயங்களைப் பழுது பார்க்கிறவர். முதல் நாள் எல்லோரையும் கூட்டி வைத்து டேப்லெட்டில் ஒரு படம் காட்டினார். எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய கல்தச்சர்கள். ஒருவன் கையில் மரச் சுத்தியல், ஒருவன் கையில் ஆள் உயரக் கவராயம், ஒருவன் மூலைமட்டத்தைக் கல்லில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிறான். சுவரிலிருந்து நூலில் தூக்குக்குண்டு தொங்குகிறது. கூர் உளி, பல் உளி, பட்டை உளி. ஒன்றுகூட எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்த மயிலாடிக்காரன் சொன்னான்:

"லேய், இது எனக்க சித்தப்பாவாக்கும். தொப்பி மட்டும் புதுசு."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். என்ன சொன்னான் என்று வெள்ளைக்காரர் கேட்டார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவரும் சிரித்தார். அந்தப் படத்தில் நான் கவனித்தது வேறு. உளி வைத்திருந்தவனின் முகம் கல்லுக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்திருந்தது. அன்றைக்கு அது எனக்கு பக்தி மாதிரித் தெரிந்தது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு கல்தச்சனும் தன் கல்லில் ஒரு அடையாளம் கொத்துவானாம். நீங்களும் கொத்துங்கள் என்றார் அவர். கல்லோடு கல் சேரும் பக்கத்தில், கட்டிய பிறகு யார் கண்ணிலும் படாத இடத்தில். மயிலாடிக்காரன் தேங்காய்க் கண் மாதிரி மூன்று குழி போட்டான். மூன்றே அடி. "சீக்கிரம் முடியும்லா," என்றான்.

காலையில் எங்கள் முதல் வேலை கல் பார்ப்பது. ராஜஸ்தானிலிருந்து வந்த வெளிறிய மணற்கல், ஆளுயரப் பாளங்களாக அடுக்கியிருக்கும். அவன் சின்னச் சுத்தியலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தட்டிக்கொண்டே போவான். நல்ல கல் கணீரென்று பேசும். உள்ளே விரிசலோ மண் பொதிந்த இடமோ இருந்தால், அந்த இடம் வந்ததும் குரல் அடைத்துக்கொள்ளும். அவன் தலையசைப்பான், நான் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவேன். ஆறேழு மாதத்தில் அவன் தலையசைக்கும் முன்பே என் கை சாக்பீஸைத் தேட ஆரம்பித்துவிட்டது. காது என்பது பழகுகிற உறுப்பு. பழகாமலே இருந்திருக்கலாம்.

இனி கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

ஊரில் அவர்கள் கருங்கல் வேலைக்காரர்கள். காவி நனைத்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினால் கல்லில் சிவப்பாக ஒரு கோடு விழும். தடித்த கோடு. தூசி படிந்தாலும் தெரியும். இங்கே காவிக்குத் தடை. மணற்கல் சிவப்பைக் குடித்துவிடும், பிறகு எதைத் தேய்த்தாலும் போகாது. ஆகவே பென்சில். மெல்லிய பென்சில் கோடு, வெளிறிய கல்லில். உளி மூன்று அடி அடிக்கும்முன் தூசி வந்து கோட்டை மூடிவிடும். பிரஷ்ஷால் தட்டினால் தூசியோடு கோடும் அழியும். தண்ணீர் தெளித்தால் கல் கறுத்துக் கோடு காணாமல் போகும். மிச்சம் இருக்கும் ஒரே வழி, குனிந்து ஊதுவது.

மூன்று அடி, ஒரு ஊதல். மூன்று அடி, ஒரு ஊதல். ஊதுவதற்கு முன் மூச்சை இழுத்தாக வேண்டும் அல்லவா? இழுக்கும்போது முகம் கல்லுக்கு ஒரு சாண் தூரத்தில்.

மாஸ்க் கொடுத்தார்கள். கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாஸ்க் போட்டால் எப்படி ஊத? எட்டுப் பேருக்கும் மாஸ்க் தாடையில் தொங்கிக்கொண்டிருக்கும். சேஃப்டி ஆபீசர் போட்டோ எடுக்க வரும்போது மூக்குக்கு ஏறும், அவர் போனதும் இறங்கும். ஆனால் கண்ணாடியை ஒருவனும் கழற்ற மாட்டான். கருங்கல்லில் வளர்ந்தவர்கள், சில்லு தெறித்துக் கண் போனவர்களை ஊரில் பார்த்தவர்கள். கல் என்றால் கண்ணுக்குத்தான் எதிரி என்று பழகியவர்கள். மணற்கல்லோ சில்லாகத் தெறிக்காது. மாவாக எழும், வெயிலில் மினுங்கும், மெதுவாக இறங்கும்.

"வெண்ணெயாட்டு வெட்டுது மக்கா," என்பான் அவன். "ஊர்ல ஒரு நாள் கொத்துகத இங்க ஒரு மணிக்கூர்ல கொத்தலாம்."

இன்னொரு வழி இருந்தது. எனக்குத் தெரியும். தகர அச்சின் ஓரமாக எஃகு ஊசியால் கீறினால் கோடு கல்லுக்குள் இறங்கும். தூசி மூடினாலும் உளிமுனை அந்தப் பள்ளத்தைத் தானே உணரும். நகத்தால் தடவினாலே தெரியும். ஊத வேண்டியதில்லை. பென்சிலுக்குப் பத்து நிமிஷம் என்றால் ஊசிக்கு அரை மணி நேரம். ஒருநாள், ஒரே ஒருநாள், ஃபோர்மேனிடம் கேட்டேன். அவர் பஞ்சாப்காரர், கெட்ட மனிதர் இல்லை. "பாய், பென்சில் காஃபி ஹை. யல்லா, ஜல்தி," என்றார். பென்சிலே போதுமாம், சீக்கிரம் நடக்கட்டுமாம். சரி என்று வந்துவிட்டேன். இரண்டாம் முறை கேட்கவில்லை. என் கைக்கும் பென்சில்தான் சுகமாக இருந்தது.

இருமல் அவனுக்கு இரண்டாவது குளிர்காலத்தில் வந்தது. கேம்ப்பில் இருமாதவன் யார்? ஏசியைக் குறை சொன்னோம், மணல் காற்றைக் குறை சொன்னோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் இரண்டு நிமிஷம் பேசாமல் இருப்பான். படி ஏறிய களைப்பு. மூன்று படி. "வயசாவுதுல்லா," என்பான். அவனுக்கு நாற்பத்தைந்தே ஆகியிருந்தது.

கோடை தொடங்கும்போது ஃபோர்மேனே கவனித்துவிட்டு அவனைக் கூப்பிட்டார். வேண்டுமானால் தண்ணீர் ஓடும் மெஷின் ஷெட்டுக்கு மாறிக்கொள், அங்கே தூசி கிடையாது; அதுவும் முடியாது என்றால் லீவு எழுதிக்கொடுத்து ஊருக்குப் போய் உடம்பைப் பார்த்துக்கொண்டு வா என்றார். மெஷின் ஷெட்டில் ஹெல்பர் வேலை. கல்லைத் தள்ள வேண்டும், கல்லை இழுக்க வேண்டும். உளிக்கு அங்கே இடமில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டான்.

மறுநாள் மத்தியான பிரேக். அந்த மாதங்களில் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை வெயிலில் யாரும் வேலை செய்யக் கூடாது. ஷேட் நெட்டுக்குக் கீழே மற்றவர்கள் அட்டையை விரித்துத் தூங்கிவிட்டார்கள். அவன் என்னை அச்சு வெட்டும் மேசைக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். சட்டையைக் கழற்றினான். தகரத் துண்டுகளை ஒதுக்கிவிட்டு மேசையில் குப்புறப் படுத்தான்.

"தட்டு," என்றான்.

"என்னய்யா கூத்து இது? ஆஸ்பத்திரிக்குப் போவோம் வா."

"ஆஸ்பத்திரிக்குப் போனா படம் எடுப்பான். படம் கம்பெனிக்குப் போவும். கம்பெனி என்னைய ஏர்போர்ட்டுக்கு அனுப்பும். நீ தட்டு. ஒனக்குக் கல்லு சத்தம் தெரியும்லா."

"நீ என்ன கல்லா?"

"பொறவு? இருவது வருசமா தின்னுருக்கேன், பாதியாவது கல்லாயிருக்காதா?" சிரித்தான், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அடங்கியதும் முகத்தைத் திருப்பாமலே சொன்னான். "கேளு மக்கா. சத்தம் சரியா இருந்தா உளிதான். இல்லேன்னா நாளைக்கே லீவு எழுதிக் குடுத்துட்டுப் போறேன். மூத்தவ இப்பம்தான் பதினொண்ணு. அவ படிச்சு எறங்குகது வரைக்கும் நெஞ்சு நிக்கணும். அவ்வளவுதான் கணக்கு. நெசத்தச் சொல்லு."

இடது நடுவிரலை அவன் முதுகில் வைத்து, வலது நடுவிரலால் அதன் மேல் தட்டினேன். டாக்டர்கள் செய்வதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். தோல் சூடாக இருந்தது. முதுகின் பள்ளத்தில் வேர்வையும் வெள்ளைத் தூசியும் குழைந்து களிம்பாகியிருந்தது. இடது பக்கம், கீழிருந்து மேலே வந்தேன். காலிப் பானையின் சத்தம். மனிதன் எவ்வளவு காலியாக இருக்க வேண்டியவன் என்று அப்போதுதான் தெரிந்தது. வலது பக்கம். கீழே சரி. நடுவில் சரி. தோள்பட்டை எலும்புக்கு உட்புறம், முதுகுத்தண்டை ஒட்டிய இடத்தில் என் விரல் இறங்கியதும் பானையின் குரல் அடைத்துக்கொண்டது.

டொக்.

என் வலது கை, நான் சொல்லாமலே, மேசையில் சாக்பீஸைத் தேடியது.

அந்த ஒரு நிமிஷத்தில் என்னவெல்லாம் நினைத்தேன் என்று பல வருஷம் என்னிடமே பொய் சொல்லியிருக்கிறேன். அவன் பயந்துவிடக் கூடாது என்று நினைத்தேன், அது உண்மை. பெரிய வளைவுக்கு இன்னும் ஒன்பது கல் பாக்கி, வளைவின் உள்பக்கக் குழிவை அவன் ஒருவனால்தான் கொத்த முடியும் என்று நினைத்தேன், அதுவும் உண்மை. சாயங்காலப் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு காலியாகிவிடும் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று கிடந்தது. அந்த டொக்கை வாயால் சொன்னால், அடுத்த கேள்வி அது எப்படி உள்ளே போனது என்பது. மூன்று அடி, ஒரு ஊதல். அது என் பென்சில்.

"நல்லா இருக்குய்யா," என்றேன். "கணீர்னு இருக்கு."

மேசை விளிம்பில் அவன் மூச்சு பட்டுத் தகரச் சுருள் ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"மேல, வலது பக்கம், இன்னொரு மட்டம் தட்டு," என்றான்.

அந்த இரண்டாவது தடவை நான் இரண்டு விரற்கடை தள்ளித் தட்டினேன். நல்ல சத்தம் வந்தது.

"செரி," என்று எழுந்து சட்டையை மாட்டினான். "அப்பம் உளிதான்."

அந்த ஒன்பது கல்லையும் அவன் கொத்தினான். கோடை முழுக்க. நானும் கோடு போட்டேன், பென்சிலால். இதை எழுதும்போது என் கை நிற்கிறது, போடும்போது நிற்கவில்லை. ஊசியை எடுத்தால், ஏன் திடீரென்று ஊசி என்று அவன் கேட்பான். நல்ல நெஞ்சுக்கு எதற்கு ஊசி? பொய் சொன்னவன் அந்தப் பொய்யின்படி வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. ஊதும் இடைவெளி மாறியிருந்தது. முன்பு மூன்று அடிக்கு ஒரு தரம் ஊதியவன், இப்போது ஊதிவிட்டுச் சுத்தியலை மடியில் வைத்து, கண்ணை மூடி, எதையோ எண்ணுவதுபோல உட்கார்ந்து, பிறகு எடுப்பான். கொத்தியது மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. வளைவின் உச்சிக்கல்லை ஏற்றிய அன்று வெள்ளைக்காரர் கீழே நின்று நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். மரச்சாரத்தை உருவியதும் கல்லெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, தங்களைத் தாங்களே பிடித்துக்கொண்டு நின்றன. அவன் அடையாளமாகப் போட்ட குழிகள் இணைப்புக்குள் போய்விட்டன.

ஐப்பசி வாக்கில் விசா புதுப்பிக்க மெடிக்கல். எல்லோரையும் வண்டியில் அள்ளிக்கொண்டு போனார்கள். ரத்தம், பிறகு நெஞ்சுப் படம். மற்ற ஏழு பேருக்கும் இரண்டு நாளில் ஃபிட் என்று மெசேஜ் வந்தது. அவனை மட்டும் திரும்பக் கூப்பிட்டார்கள். முதலில் காசநோயோ என்று சந்தேகப்பட்டுச் சில நாள் தனி அறையில் வைத்துச் சளியைச் சோதித்தார்கள். அது இல்லை. என்ன வேலை என்று டாக்டர் கேட்டாராம். பக்கத்தில் நின்ற மலையாளி நர்ஸுக்கு இவன் சொல்வதற்கு முன்பே புரிந்துவிட்டதாம். "கல்லுப்பொடியா," என்று அவள் சொன்னபோது குரல் தன் தங்கச்சி குரல் மாதிரி இருந்தது என்றான். படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. வலது மேல்பக்கம் புள்ளிகள் ஒன்றுசேர்ந்து ஒரு கட்டி. ஊரில் கொத்திய இருபது வருஷக் கருங்கல்லா, இங்கே ஊதிய மணற்கல்லா என்று டாக்டரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டுதான் சில நாள் எனக்குத் தூக்கம் வருகிறது. அன்ஃபிட் என்று எழுதினார்கள். ஃபோர்மேன் பேப்பரைப் படித்துவிட்டு, "கலாஸ்," முடிந்தது என்று மெதுவாகச் சொல்லி, தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

ஊருக்குப் போன பிறகு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவான். முதலில் மூன்று நிமிஷம், நான்கு நிமிஷம், ஊர்க்கதை, கிண்டல். பிறகு ஒரு நிமிஷம். பிறகு சொற்களைவிட மூச்சு அதிகமாக இருந்தது. பிறகு அவன் மனைவி டைப் செய்ய ஆரம்பித்தாள். மகள் காலேஜில் சேர்ந்த படத்தை அவள்தான் அனுப்பினாள். படத்தில் அவன் இல்லை. பிறகு அதுவும் நின்றது. நான் அந்த நம்பருக்குப் போன் செய்யவில்லை. என்ன கேட்க?

அவன் இங்கிருந்து ஊருக்குக் கிளம்பிய நாள் வெள்ளிக்கிழமை. சோனாப்பூர் கேம்ப் கேட்டில், துணி காயும் வரிசைகளுக்கு நடுவே, ஏர்போர்ட் வண்டிக்காகக் காத்திருந்தோம். ஒரு பெட்டி, கயிறு கட்டிய ஒரு அட்டைப்பெட்டி. உளியும் சுத்தியலும் கம்பெனிச் சாமான். ஸ்டோரில் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஜும்மா முடிந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக எங்களைக் கடந்து போனார்கள். பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தான், நிற்க முடியவில்லை.

"மக்கா," என்றான்.

"சொல்லு மாப்ள."

"அன்னைக்கு ரெண்டாம் மட்டம் நீ தள்ளித் தட்டினல்லா."

ஒரு லாரி போய் முடியும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தெரிஞ்சிருச்சா?" என்றேன்.

"எனக்க முதுகுடே. எந்த எடத்துல வெரல் பட்டுதுன்னு எனக்குத் தெரியாதா? மொத மட்டம் தட்டினப்பமே எனக்கும் உள்ள கேட்டு."

"தெரிஞ்சும் ஏன்யா போகல? என்னையத் திட்டியிருக்கலாம்ல?"

பதில் சொல்ல அவனுக்கு மூச்சு சேர வேண்டியிருந்தது. சேர்ந்தது.

"எனக்கும் நல்ல சத்தம்தான் வேண்டியிருந்து. ஒரு ஆளு வாயால சொல்லிக் கேக்கணும்னு இருந்து. நீ சொன்ன."

வண்டி வந்தது. டிரைவர் இறங்காமலே ஹாரன் அடித்தார். நான் பெட்டிகளைப் பின்னால் ஏற்றினேன். அவனைக் கைத்தாங்கலாக எழுப்பி சீட்டில் உட்கார வைத்தபோது என் உள்ளங்கை அவன் முதுகில், அதே இடத்தில் பட்டது. எடுத்துக்கொண்டேன். அவன் கதவைச் சாத்தவிடாமல் பிடித்து, இரண்டு தரம் மூச்சு இழுத்து, முகத்தை என் பக்கம் சாய்த்தான்.

"புதுசா ரெண்டுபேரு வந்திருக்கானுவோ பாரு, அவனுவளுக்குக் கோட்ட ஊசியால போடு மக்கா. ஊத வைக்காத."